வீட்டு அலமாரியில் ஒரு நெட்வொர்க் பள்ளிக்கூடம்

இந்தப் பகுதியில் வற்றல், வடகம், பழைய சேலையில் மெத்தை உறை, மளிகைக் கணக்கு என்று எத்தனையோ எழுதியாகிவிட்டது. இந்த முறை கொஞ்சம் புதுசு. நெட்வொர்க் படிப்புக்கு வேண்டிய சோதனைக்கூடத்தைப் பத்தாயிரம் ரூபாய்க்குள் வீட்டிலேயே அமைப்பது எப்படி என்று சொல்லப்போகிறேன். "இதெல்லாம் நமக்கெதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கிற படித்த பெண் ஒருத்தி உங்கள் குடும்பத்தில் இருந்தால், அல்லது அந்தப் பெண்ணே நீங்களாக இருந்தால், இது உங்களுக்காகத்தான்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். என் மூத்த மகள் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயன்ஸ். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில், கம்ப்யூட்டர் பழுதானால் புகார் கேட்டுச் சரிசெய்து கொடுக்கிற வேலையில் ஒன்றரை வருஷம் இருந்தாள். பிரசவத்துக்குத் திருவேங்கடம் வந்தவள் வேலையை விட்டாள். பேரனுக்கு இப்போது ஒரு வயசு. மாப்பிள்ளையின் சம்பளம் வாடகைக்கும் பால் கணக்குக்குமே சரியாகப் போகிறது. அவள் மறுபடி வேலைக்குப் போயாக வேண்டும். ஆனால் இரண்டு வருஷம் வீட்டில் இருந்த பெண்ணைப் பார்த்து, "புதுசா என்ன தெரியும்?" என்றுதானே கேட்பார்கள்? அதற்குப் பதிலாக ஒரு சான்றிதழ் கையில் இருந்தால் நல்லது என்றாள். சி.சி.என்.ஏ. என்று பெயராம்.

பக்கத்து நகரத்தில் ஒரு பயிற்சி மையத்தில் விசாரித்தோம். நாற்பத்தைந்தாயிரம் கேட்டார்கள். தினமும் பஸ்ஸில் போக வர நாலு மணி நேரம். பிள்ளையை யார் பார்ப்பது? என்னிடம் இருந்ததோ சீட்டு எடுத்த நாற்பத்திரண்டாயிரம். அதையும் பேரனுக்குக் காது குத்த என்று வைத்திருந்தேன். "அந்தக் காசைத் தொட்டா, சர்ட்டிபிகேட்டோடதான் திரும்பி வரணும்" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அதனால் நானும் மகளும் உட்கார்ந்து, கல்யாணச் செலவு போடுகிற மாதிரி பைசா பைசாவாகக் கணக்குப் போட்டோம்.

முதலில், இது என்ன படிப்பு?

ஒரு பாங்க்கில் பத்து கம்ப்யூட்டர் இருக்கிறது. அவை தங்களுக்குள் பேச வேண்டும், தலைமை ஆபீசோடும் பேச வேண்டும். அந்தப் பேச்சுக்குப் பாதை போட்டுக் காவல் பார்ப்பதுதான் நெட்வொர்க் வேலை. இதில் இரண்டு பெட்டிகள் முக்கியம். "ஸ்விட்ச்" என்பது நம் தெருத் தபால்காரர் மாதிரி: அந்தத் தெருவில் எந்த வீடு எங்கே என்று தெரியும். "ரௌட்டர்" என்பது பஸ் ஸ்டாண்டில் நிற்கும் நேரக் காப்பாளர் மாதிரி: எந்த ஊருக்கு எந்த வழி என்று தெரியும். இங்கிருந்து தென்காசிக்குச் சங்கரன்கோவில் வழி. மதுரைக்குச் சிவகாசி வழியும் போகலாம், கோவில்பட்டி வழியும் போகலாம். ஒன்று அடைத்திருந்தால் மற்றது. இந்த யோசனையைத்தான் ரௌட்டர் கண் இமைப்பதற்குள் செய்கிறது.

சி.சி.என்.ஏ. என்பது சிஸ்கோ என்ற அமெரிக்கக் கம்பெனி 1998 முதல் நடத்தும் பரீட்சை. இத்தனை வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது. 2020 பிப்ரவரியிலிருந்து ஒரே தாள், இரண்டு மணி நேரம். கட்டணம் 300 டாலர், வரி தனி. டாலர் விலை ஏறி இறங்கும் என்பதால் நாங்கள் முப்பத்தோராயிரம் ஒதுக்கிக்கொண்டோம். தேர்ச்சி பெற்றால் சான்றிதழ் மூன்று வருஷத்துக்குச் செல்லும். தவறினால் ஐந்து நாள் கழித்து மறுபடி எழுதலாம். ஆனால் பணம் மறுபடி முழுசாகக் கட்ட வேண்டும்!

எங்கள் கணக்கு அங்கேதான் தொடங்கியது. நாற்பத்திரண்டில் முப்பத்தொன்று பரீட்சைக்கு. அதைத் தொடக்கூடாது. மீதி பதினொன்றில்தான் எல்லாம்.

"எம்மா, இது மனப்பாடம் பண்ணி எழுதுற பரீட்சை இல்ல. கை பழகணும். நாமளே கெடுத்து, நாமளே சரி பண்ணிப் பாக்கணும்" என்றாள் மகள். சமையலும் அப்படித்தானே! புத்தகத்தைப் படித்து யாருக்குத் தோசை வட்டமாக வந்திருக்கிறது?

முதல் படி: காசில்லாமல்

சிஸ்கோவே "பாக்கெட் டிரேசர்" என்று ஒரு மென்பொருளை இலவசமாகத் தருகிறது. அவர்களுடைய நெட்வொர்க்கிங் அகாடமியில் பெயர் பதிந்தால் போதும். கம்ப்யூட்டர் திரையிலேயே ஸ்விட்ச், ரௌட்டர் எல்லாம் படமாக வரும். வயரை இழுத்து மாட்டலாம், கட்டளை கொடுக்கலாம், நிஜம் போலவே பதில் சொல்லும். மகள் பன்னிரண்டாவது படித்தபோது அரசாங்கம் கொடுத்த விலையில்லா மடிக்கணினிதான் எங்கள் வீட்டில். அதிலேயே ஓடியது.

பாடத்துக்கு "ஜெரமிஸ் ஐ.டி. லேப்" என்று யூடியூபில் முழுப் பாடமும் இலவசமாக இருக்கிறது. ஆங்கிலம்தான். ஒரு பாடம், அதற்கு ஒரு பயிற்சி என்று வரிசையாகப் போகும். முதல் இரண்டு மாதம் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க விடவில்லை நான். இரண்டு மாதம் கழித்தும் இதே ஆர்வம் இருந்தால் பெட்டி வாங்கலாம் என்றேன். தையல் பழக ஆசைப்படுகிற பெண்ணுக்கு முதல் நாளே மெஷின் வாங்கித் தருவோமா? காகிதத்தில் வெட்டிப் பழகச் சொல்வோம் அல்லவா?

படிக் கணக்கே பாதிக் கணக்கு

இந்தப் படிப்பில் எல்லோரும் பயப்படுகிற ஒரு பகுதி முகவரிக் கணக்கு. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் நாலு எண் சேர்ந்த ஒரு விலாசம் உண்டு. ஒவ்வொரு எண்ணும் பூஜ்யத்திலிருந்து 255 வரை. உதாரணம்: 192.168.10.5. முதல் மூன்று எண்ணைத் தெருவின் பெயர் என்றும், கடைசியைக் கதவு எண் என்றும் வைத்துக்கொண்டால், ஒரு தெருவுக்கு 256 எண். இந்தத் தெருவைத் தேவைக்குத் தக்கபடி சின்னச் சின்னச் சந்துகளாகப் பிரிக்க வேண்டும். அங்கேதான் மகள் இரண்டு நாள் முழித்துக்கொண்டிருந்தாள்.

நான் என் மாமியார் காலத்துப் படியை எடுத்து முன்னால் வைத்தேன். ஒரு படியில் பாதி உரி. உரியில் பாதி உழக்கு. உழக்கில் பாதி ஆழாக்கு. எப்போதும் பாதி பாதிதான், மூன்றில் ஒன்று என்ற பேச்சே இல்லை. அதே மாதிரிதான் இங்கேயும்: 256 ஒரு படி, 128 உரி, 64 உழக்கு, 32 ஆழாக்கு! ஒவ்வொரு பங்கிலும் இரண்டு எண் குடியிருப்புக்கு ஆகாது. முதல் எண் அந்தச் சந்தின் பெயர். கடைசி எண் சந்துக்கே தண்டோரா போடுவதற்கு. ஆக, குடிவைக்கக்கூடியது 254, 126, 62, 30. முப்பது கம்ப்யூட்டர் உள்ள ஆபீசுக்கு ஆழாக்கு போதும். முப்பத்தொன்று ஆகிவிட்டால் உழக்கை எடுக்க வேண்டும்.

அப்புறம் அவள் திணறவே இல்லை. பத்தாவது படித்த அம்மாவும் சொல்லிக்கொடுக்க ஏதோ இருக்கிறது என்று எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

இரண்டாம் படி: கை வேலைச் சாமான்

திரையில் பழக முடியாத ஒன்று உண்டு. அது வயர் முனை போடுவது. வயரும் முனைகளும் எலக்ட்ரிக்கல், கம்ப்யூட்டர் கடைகளில் மீட்டர் கணக்கிலும் எண்ணிக்கையிலும் கிடைக்கும். "கேட் 5இ" என்று கேட்க வேண்டும். உள்ளே எட்டுக் கம்பி, இரண்டிரண்டாகப் பின்னியிருக்கும். வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். கோலப் புள்ளி மாதிரி இந்த வரிசை மனசில் பதிய வேண்டும். எட்டையும் நேராக்கி, ஒரே அளவில் வெட்டி, பிளாஸ்டிக் முனைக்குள் கடைசி வரை தள்ளி, கிரிம்பிங் கருவியால் ஒரே அழுத்து. அவ்வளவுதான்.

வயர் வாங்கும்போது ஒரு கவனம்: விலை மலிவான சில வயர்களில் உள்ளே அலுமினியக் கம்பி, மேலே செம்புப் பூச்சு மட்டும்தான். பிளேடால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அசல் செம்பு இல்லை. வளைத்து நிமிர்த்தினால் சீக்கிரம் ஒடியும். பழைய பாத்திரத்தில் ஈயப் பூச்சு பார்க்கிற கண்ணுக்கு இது தெரியாதா என்ன?

மூன்றாம் படி: பழைய பெட்டி

புதுப் பெட்டிகளின் விலை நமக்கு எட்டாது. ஆனால் ஆபீஸ்கள் பெட்டிகளை மாற்றும்போது பழையவை விற்பனைக்கு வரும். சென்னை ரிச்சி தெருவில் இந்த வியாபாரம் உண்டு. தபாலில் அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். படிப்புக்கு இவை தாராளம். நாங்கள் வாங்கியது சிஸ்கோ 2960 வகையில் எட்டுத் துளை ஸ்விட்ச் இரண்டு, 1841 ரௌட்டர் ஒன்று.

எட்டுத் துளை ஏன் என்றால், அந்தச் சின்ன வகையில் விசிறி கிடையாது, சத்தமே வராது. இருபத்து நாலு துளை உள்ள பெட்டிகளில் விசிறி ஓடி இரைச்சல் போடும். பகலில் தொட்டில் ஆடுகிற வீட்டுக்கு ஆகுமா? ரௌட்டர் ஒன்று போதும். ரௌட்டர் நாலைந்து சேர்ந்த பாடங்களைத் திரையிலேயே போட்டுக்கொள்ளலாம். வைஃபை பாடமும் அப்படியே.

வாங்குமுன் கேட்க வேண்டியவை:

1. பெட்டியை ஓடவிட்டு, "ஷோ வெர்ஷன்" என்ற கட்டளைக்கு வரும் பதிலைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். மாடல் எண்ணும் மென்பொருளும் அதில் தெரிந்துவிடும்.

2. 1841 ரௌட்டரில் பின்பக்கம் ஒரு சின்ன நினைவக அட்டை இருக்கும். மென்பொருள் அதற்குள்தான். அட்டை இல்லாவிட்டால் பெட்டி வெறும் டப்பா.

3. பெட்டியோடு பேச "கன்சோல்" வயர் தனியாக வேண்டும். இக்கால மடிக்கணினிக்கு யு.எஸ்.பி. முனை உள்ளதாகக் கேளுங்கள். திரையில் பேச "புட்டி" என்ற மென்பொருள் இலவசம்.

4. ஓடாவிட்டால் எத்தனை நாளில் திருப்பி எடுத்துக்கொள்வார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு வந்த ஸ்விட்ச் ஒன்றில் பழைய ஆபீசின் பாஸ்வேர்டு அப்படியே இருந்தது. விற்றவரைக் கேட்டால், "எனக்குத் தெரியாதும்மா" என்று போனை வைத்துவிட்டார். இரண்டாயிரத்து இருநூறு ரூபாய்ப் பெட்டி, பூட்டின பெட்டி! எனக்கு வயிற்றைக் கலக்கியது. மகள் அலட்டிக்கொள்ளவில்லை. பெட்டிக்குச் சொந்தக்காரர் பாஸ்வேர்டை மறந்தால் என்ன செய்வது என்று சிஸ்கோவே வழி எழுதி வைத்திருக்கிறதாம். பிள்ளை தூங்கினபிறகு உட்கார்ந்தாள். முன்பக்கம் உள்ள "மோட்" பொத்தானை அழுத்தியபடியே கரண்ட் கொடுத்தாள். பெட்டி பாதியில் நின்று, அடுத்து என்ன என்று கேட்டது. பழைய அமைப்புகள் உள்ள கோப்பின் பெயரை மாற்றிவிட்டு மறுபடி ஓடவிட்டாள். புதுப் பெட்டி போல எழுந்துவிட்டது. உள்ளே ஏதோ ஓர் ஆபீசின் பிரிவுப் பெயர்கள் எல்லாம் இருந்தன. நமக்கு வேண்டாத விஷயம் என்று அத்தனையையும் அழித்துவிட்டாள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். அடுத்தவர் வீட்டுக் கடிதத்தைப் படிப்பதில்லை அல்லவா?

"எம்மா, இத நான் ரெண்டு வருஷம் கழிச்சும் மறக்க மாட்டேன்" என்றாள் அன்றைக்கு. சோதனைக்கூடம் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

பச்சை விளக்கும் ஆரஞ்சு விளக்கும்

நீங்களும் பார்த்து ரசிக்க ஒரு பாடம் சொல்கிறேன். இரண்டு ஸ்விட்சுக்கும் நடுவில் ஒரு வயருக்குப் பதில் இரண்டு வயர் போடுங்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு துளையின் விளக்கு மட்டும் ஆரஞ்சாக நின்றுவிடும், மற்றவை பச்சை. பழுதோ என்று நினைத்தேன். இல்லையாம்! இரண்டு வழியும் திறந்திருந்தால், தண்டோராச் செய்தி ஊர் வம்பு மாதிரி சுற்றிச் சுற்றி வந்து பெருகி, மொத்தத் தெருவையும் முடக்கிவிடும். அதனால் பெட்டியே ஒரு வழியை அடைத்து வைக்கிறது. நல்ல வயரைப் பிடுங்கினால் சற்று நேரத்தில் ஆரஞ்சு பச்சையாகி, மாற்று வழி திறந்துவிடும். இந்த ஏற்பாட்டை 1985-ல் கண்டுபிடித்தவர் ராடியா பெர்ல்மன் என்ற பெண்மணி. சிஸ்கோ கம்பெனியையே 1984-ல் ஆரம்பித்தவர்கள் லெனார்ட் போசாக், சாண்டி லெர்னர் என்ற கணவன் மனைவி. அதுவும் தங்கள் வீட்டிலேயே. வீட்டில் வயரும் பெட்டியும் வைத்துக்கொள்வது நாம் புதுசாகக் கண்டுபிடித்த கூத்து இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள்!

தவழும் பிள்ளை உள்ள வீட்டில்

பெட்டிகளை இரும்பு அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள், பின்பக்கம் காற்றுப் போக இடம் விட்டு. மூன்று முனைப் பிளக், எர்த் இருக்கிற இணைப்பிலேயே மாட்டுங்கள். இடி மின்னல் என்றால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டி தரையில் கிடக்கவே கூடாது. வயர் முனை போடுகிற வேலையைத் தாம்பாளத்தில் வைத்துச் செய்யுங்கள். வெட்டின செம்புத் துணுக்கும் பிளாஸ்டிக் முனையும் பிள்ளை வாய்க்குப் போனால் ஆபத்து. முடித்ததும் ஈரத்துணியால் தரையை ஒற்றி எடுங்கள். மணிக்கணக்காகக் குனிந்து உட்காராமல், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து கழுத்தை நிமிர்த்திக்கொள்ளட்டும். பால் கொடுக்கிற தாய்க்கு முதுகுவலி சீக்கிரம் வரும்.

கரண்ட் செலவுக்குப் பயப்பட வேண்டாம். எல்லாம் சேர்ந்து நூறு வாட் என்றே வைத்தாலும் பத்து மணி நேரத்துக்கு ஒரு யூனிட். தினம் இரண்டு மணி நேரம் படித்தால் இரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு யூனிட்தான்.

எங்கள் செலவுக் கணக்கு

ஸ்விட்ச் இரண்டு: 4,400
ரௌட்டர்: 2,500
கன்சோல் வயர்: 450
கிரிம்பிங் கருவி: 350
வயர் சோதிக்கும் கருவி: 200
வயர் 30 மீட்டர்: 450
முனைகள் 50: 150
எக்ஸ்டென்ஷன் பெட்டி: 600
பார்சல் கூலி: 700
ஆக மொத்தம்: 9,800 ரூபாய்

இடத்துக்கு இடம் விலை மாறும். இதைவிடக் குறைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் பெட்டிகளையே விட்டுவிடுங்கள். பாக்கெட் டிரேசரும் கை வேலைச் சாமான்களும் மட்டும் வைத்தும் படிக்கலாம். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: இலவசம் முதலில், கைச் சாமான் அடுத்து, பெட்டி கடைசியில், பரீட்சைப் பணத்தைத் தொடவே கூடாது.

நேரம்தான் பெரிய செலவு

பணத்தைவிட நேரம் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். விடியற்காலை நாலரையிலிருந்து ஆறரை வரை அவளுக்கு. பிள்ளை விழித்தால் நான். சாயந்தரம் ஒரு மணி நேரம் என் வீட்டுக்காரர் பேரனைத் தூக்கிக்கொண்டு தெப்பக்குளம் பக்கம் போய்விடுவார். சம்பந்தியம்மா ஒரு தடவை வந்தவர், "என்ன மதினி, வீடா இது, கரண்ட் ஆபீஸா?" என்று சிரித்தார். நான் அந்த ஆரஞ்சு விளக்கைக் காட்டி விளக்கினேன். போகும்போது, "பரீட்சைக்கு முந்தின மாசம் பேரன நான் வந்து பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடி இப்போது வந்தும் இருக்கிறார்.

"இதைப் படித்து நம் ஊரில் என்ன வேலை?" என்று கேட்கிறவர்களும் உண்டு. ஆஸ்பத்திரி, பாங்க், கல்லூரி, நூற்பாலை எங்கே பார்த்தாலும் நெட்வொர்க்தான். ஊராட்சி வரை கண்ணாடி இழை வயர் இழுக்கும் பாரத்நெட் திட்டத்துக்கு மத்திய அரசு 2011-லேயே ஒப்புதல் கொடுத்தது. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் அதே 2011-ல்தான் ஜோஹோ கம்பெனி அலுவலகம் திறந்தது. அந்தக் கம்பெனி 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது செய்ததே நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் மென்பொருள்தானாம். வேலை உறுதி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இந்த மாதிரி வேலை சென்னையில் மட்டும்தான் என்று இருந்த காலம் போய்விட்டது.

பரீட்சையை வீட்டிலிருந்தே ஆன்லைனில் எழுதவும் வழி இருக்கிறது. ஆனால் முடிகிற வரை அறைக்குள் வேறு யாரும் வரக்கூடாது. பிள்ளை கதவைத் தட்டி அழுதால் தாய் மனசு பரீட்சையில் நிற்குமா? அதனால் தேர்வு மையத்துக்கே போய் எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறோம். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. தேர்ச்சி பெற்றால் இந்தப் பெட்டிகள் விலைக்கு இல்லை. எங்கள் பக்கத்தில் இதைப் படிக்க நினைக்கிற ஒரு பெண்ணுக்கு, "முடித்ததும் அடுத்தவளுக்குக் கொடுக்க வேண்டும்" என்ற நிபந்தனையோடு அப்படியே கொடுக்கப்போகிறோம். கிரிம்பிங் கருவி மட்டும் எங்கள் வீட்டில் இருக்கும். அதை என் வீட்டுக்காரரும் பழகிவிட்டார்!